குத்தகையாளரைத் தேர்வது யார்?

வீடு என்னும் சொல் விடு என்னும் வினையடியாகப் பிறந்தது என்பர். பகலெல்லாம் அலைந்தவன் அலைச்சலை விட்டு ஓய்வுறும் இடமாதலின் அது வீடாயிற்று. பற்றுகளை விட்ட நிலைக்கும் அதுவே பெயராயிற்று. ஆனால் இக்காலத்தில் அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்குவோர், எதையும் விட்டு ஓய்வதற்கு முன்னர்ப் பலவற்றைப் பற்றிக்கொள்ள வேண்டியவராகின்றனர். சாவியோடு ஒரு கட்டுத் தாள்களும் அவர் கைக்கு வருகின்றன. பராமரிப்புக் கட்டணம் இவ்வளவு, சேம நிதி இவ்வளவு, சுவரில் துளையிடுவது இந்த நேரத்தில், பழைய மரச்சாமானை இறக்குவது அந்த மின்தூக்கியில் என்றெல்லாம் அத்தாள்கள் கூறும். அவற்றினிடையே, புதுப்பிப்பு வேலைகளை நிருவாகம் குறிப்பிடும் குத்தகையாளரைக் கொண்டே செய்தல் வேண்டும் என்றொரு வரியும் சிலவிடங்களில் தலைகாட்டும்.

முப்பது ஆண்டுக் கடனை ஏற்று வாங்கிய வீட்டில் ஒரு கதவை மாற்றுவதற்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருக்கா, கட்டி விற்ற நிறுவனத்துக்கா? மாடிப்படியைக் கூட்டுவதற்கும், வாயிற்காவலுக்கும், மின்தூக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் ஆளை அமர்த்துவது யார்? இவ்வினாக்களுக்கு 'ஆம்', 'இல்லை' என்று ஒரே சொல்லில் விடை கூறிவிட இயலாது. பெரும்பாலோர் இதனை ஒரே உரிமையாக எண்ணிக்கொண்டு, நிருவாக அலுவலகத்தின் முன் நின்று 'என் வீடு, என் விருப்பம்' என்று வாதிட்டுத் தோற்றுத் திரும்புகின்றனர். உண்மையில் இது இடத்துக்கு இடம் கைமாறும் உரிமை. எந்த வேலையைச் செய்யும் கடமை யாரிடம் உள்ளதோ, அவரிடமே ஆளைத் தேரும் உரிமையும் உள்ளது. கடமையைக் குறித்த நாளுக்குள் செய்யத் தவறினால் உரிமையும் அடுத்தவர் கைக்குப் போய்விடுகின்றது. இதனை மலேசியச் சட்டங்களைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் சொற்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. தமிழகத்தில் குத்தகை என்றால் நிலத்தையோ தோப்பையோ ஆண்டுக்கு இவ்வளவு என்று பேசி அனுபவித்தலைக் குறிக்கும். நம் நாட்டில் அச்சொல் பொருள் விரிந்து, ஒரு வேலையை இன்ன தொகைக்கு முடித்துத் தருவதாக ஏற்பதற்கும் வழங்குகின்றது. அவ்வாறு ஏற்பவரே குத்தகையாளர். நிலத்தைப் பண்படுத்தி, வீடுகளைக் கட்டி, விற்கும் நிறுவனத்தை நம் நாளேடுகள் மேம்பாட்டாளர் என்று வழங்குகின்றன. இக்கட்டுரையிலும் அவ்விரு சொற்களே ஆளப்படும். குத்தகை என்பதன் பழம்பொருளும் பின்னர் ஓரிடத்தில் நமக்குத் தேவைப்படும்.

மாடி வீட்டைத் தனி உடைமையாக்கும் சட்டமுறை மிகப் பழையதன்று. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1961-இல் இயற்றிய சட்டமே இவ்வகையில் பல நாடுகளுக்கு முன்மாதிரியாயிற்று. சிங்கப்பூர் 1967-இல் தன் சட்டத்தை இயற்றியது. மலேசியாவில் 1985-ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்தா உரிமைச் சட்டம் வந்தது. ஆயினும் வீட்டை உடைமையாக்குவது வேறு, வீட்டைச் சூழ்ந்த பொதுவிடங்களை ஆள்வது வேறு. இரண்டாவதற்கு 2007-இல் ஒரு சட்டமும், அதனினும் விரிவாக 2013-இல் ஸ்ட்ராத்தா நிருவாகச் சட்டமும் இயற்றப்பட்டன. 757-ஆம் சட்டம் எனப்படும் இப்பின்னது 2015 ஜூன் திங்களில் நடைமுறைக்கு வந்தது. இது தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் உரியது. சபாவும் சரவாக்கும் தமக்கெனத் தனிச் சட்டங்கள் உடையன.

கிள்ளானில் ஒரு தமிழாசிரியர் 400,000 வெள்ளிக்கு ஓர் அடுக்குமாடி வீடு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். குடிபுகுந்த மூன்றாம் திங்களில் குளியலறைத் தரையின் ஓடுகள் உப்பிக் கிளம்புகின்றன. அவர் தமக்குத் தெரிந்த ஒரு கொத்தனாரை உடனே அழைத்து வந்து ஓடுகளைப் பெயர்த்துப் புதிதாகப் பதித்துவிட்டு, செலவுச் சீட்டை மேம்பாட்டாளருக்கு அனுப்புகின்றார். பணம் வருமா? பெரும்பாலும் வராது. ஏன் என்று காண்போம்.

அவர் கையொப்பமிட்ட விற்பனை ஒப்பந்தம் மேம்பாட்டாளர் தம் மனம்போல எழுதிய தாள் அன்று. 1966-ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் 1989-இல் வகுக்கப்பட்ட விதிமுறைகள், அதன் வாசகத்தையே அச்சிட்டுத் தந்துள்ளன. தரை வீட்டுக்கு 'ஜி' அட்டவணை. அடுக்குமாடிக்கு 'எச்' அட்டவணை. அதன்படி, வீட்டை ஒப்புக்கொண்ட நாளிலிருந்து 24 திங்களுக்குள் வெளிப்படும் குறைகளை, அவை வேலைப்பாட்டின் பிழையாலோ பொருளின் தாழ்வாலோ நேர்ந்தனவாயின், மேம்பாட்டாளர் தம் செலவில் சரிசெய்து தரவேண்டும். வாங்கியவர் எழுத்து மூலம் அறிவித்த நாளிலிருந்து 30 நாள் அவருக்குத் தவணை. இந்த முப்பது நாளும் ஆளைத் தேரும் உரிமை மேம்பாட்டாளருடையது. அவர் அனுப்பும் கொத்தனாரை, 'எனக்கு இவரைப் பிடிக்கவில்லை' என்று வாயிலில் நிறுத்தித் திருப்பியனுப்பினால் நட்டம் நமக்கே.

முப்பது நாள் கடந்தும் வேலை நடவாவிடின் காட்சி மாறுகின்றது. இப்போது வாங்கியவர் தாமே ஒரு குத்தகையாளரைக் கொண்டு மதிப்பீடு பெறலாம். ஆனால் உடனே வேலையைத் தொடங்கலாகாது. இவ்வளவு செலவாகும், நானே செய்துகொள்ளப் போகின்றேன் என்று மேம்பாட்டாளருக்கு அறிவித்து, இன்னும் 14 நாள் தருதல் வேண்டும். அப்பதினான்கு நாளும் வீணே கழிந்தபின், தேர்வுரிமை முழுவதும் வாங்கியவரிடம் வந்துவிடுகின்றது. அவர் விரும்பிய குத்தகையாளரை அமர்த்தி, செலவை மேம்பாட்டாளரிடமிருந்து பெறலாம். நம் ஆசிரியர் செய்த பிழை, நல்ல கொத்தனாரைத் தேர்ந்ததன்று. நாற்பத்து நான்கு நாள் முன்னதாகத் தேர்ந்ததே.

செலவை எதிலிருந்து பெறுவது? இங்கேதான் சட்டம் ஒரு நல்ல ஏற்பாட்டைச் செய்து வைத்திருக்கின்றது. விலையில் ஐந்து விழுக்காடு மேம்பாட்டாளரின் வழக்கறிஞரிடம் பொதுப்பொறுப்பில் நிற்கும். அதில் பாதி, சாவி தந்து எட்டுத் திங்கள் ஆனபின்பும், மற்றப் பாதி 24 திங்கள் ஆனபின்பும் மேம்பாட்டாளருக்கு விடுவிக்கப்படும். நாம் எடுத்துக்கொண்ட வீட்டுக்கு இத்தொகை 20,000 வெள்ளி. ஒவ்வொரு பாதியும் 10,000. குறைகளைப் பற்றிய அறிவிப்பு உரிய நாளுக்குள் எழுத்தில் சென்றிருந்தால், அவை சரிசெய்யப்பட்டன என்ற சான்று வரும்வரை வழக்கறிஞர் பணத்தை விடலாகாது. அச்சான்றில் ஒப்பமிடுபவர் மேம்பாட்டாளரின் கட்டடக் கலைஞர் என்பது எனக்கு அத்துணை மனநிறைவு தருவதன்று. கட்டியவர் தரப்பே கட்டடத்துக்கு நற்சான்று வழங்குவது, மாணவன் தன் விடைத்தாளைத் தானே திருத்துவது போன்றதாகும். ஆயினும் இருப்பது இதுவே. ஆகவே அறிவிப்பைத் தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் சொல்லிவிட்டு இருந்துவிடாமல், கடிதமாக எழுதி, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கி, படம் எடுத்து வைத்தல் நன்று. மேம்பாட்டாளர் மறுத்தால் வீடு வாங்குவோர் கோரிக்கைகளுக்கான தீர்ப்பாயம் உண்டு. 2002 முதல் அது இயங்கி வருகின்றது.

இனி, குறையேதும் இல்லை. நம் விருப்பத்துக்காகவே சமையற்கட்டை விரிவாக்குகின்றோம், அலமாரி அமைக்கின்றோம் என்றால் என்ன? இங்கே வேலை நம்முடையது, பணம் நம்முடையது. ஆகவே ஆளைத் தேர்வதும் நம்முடையதே. ஆனால் எல்லையற்ற உரிமை அன்று. 2015-ஆம் ஆண்டின் நிருவாக விதிமுறைகளில் அடங்கிய துணைவிதிகள், புதுப்பிப்பு வேலைக்கு முன்னதாக நிருவாகத்தின் எழுத்துமூல ஒப்புதலைப் பெறவேண்டும் என்கின்றன; தேவைப்படுமிடத்து நகராண்மையின் ஒப்புதலும் வேண்டும். கட்டுமானக் குத்தகையாளர் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும் என்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டம். மின்கம்பி வேலைக்குத் தகுதிச் சான்று பெற்றவரே வேண்டும். இவையெல்லாம் இன்ன தகுதியுடையவர் என்று கூறுகின்றனவேயன்றி, இன்ன பெயருடையவர் என்று கூறவில்லை. அத்துணைவிதிகளில் எவ்விடத்தும், மேம்பாட்டாளர் சுட்டிய ஆளையே வைத்துக்கொள்ள வேண்டும் என்னும் சொற்கள் இல்லை.

சிங்கப்பூரை இங்கு ஒப்புநோக்கலாம். அங்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் புதுப்பிப்பு வேலையைக் கழகத்தின் பட்டியலில் இடம்பெற்ற குத்தகையாளரே செய்யலாம். சன்னல் பொருத்துவதற்குத் தனியாக ஒப்புதல் பெற்றோர் உள்ளனர். உயரத்திலிருந்து சன்னல் கழன்று விழுந்தால் கீழே நடப்பவர் உயிருக்கு இறுதியாதலின் இக்கட்டுப்பாடு நியாயமானதே. ஆனால் அப்பட்டியலில் ஏராளமான நிறுவனங்கள் உள்ளன; வீட்டுக்காரர் பேரம் பேசலாம், ஒப்பிடலாம், விலகலாம். தகுதியுடையோர் எவரும் சேரக்கூடிய பட்டியல் ஒன்று. இரண்டு மூன்று பெயர்களை மட்டும் எழுதி, அவர்கள் ஏன் அங்கு வந்தனர் என்று கூறாத பட்டியல் மற்றொன்று. இரண்டையும் பட்டியல் என்றே அழைப்பதால்தான் குழப்பம் வருகின்றது.

நிருவாக அலுவலகம் அத்தகைய பட்டியலைக் காட்டினால், இது எந்தக் கூட்டத்தின் எந்தத் தீர்மானத்தால் வந்தது என்று எழுத்தில் கேட்பதே சரியான வழி. துணைவிதிகளுக்கு மேல் புதிய விதி சேர்க்கவேண்டுமாயின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதற்கு 21 நாள் முன்னறிவிப்பும், கூட்டத்தில் அளிக்கப்பட்ட செல்லத்தக்க வாக்குகளில் நான்கில் மூன்று பங்கும் தேவை. அலுவலக மேலாளர் தட்டச்சுச் செய்து மின்தூக்கியில் ஒட்டிய தாள் சிறப்புத் தீர்மானம் ஆகாது.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. முறையாக நிறைவேறிய விதிக்கு நீதிமன்றம் பெருமதிப்புத் தருகின்றது. கோலாலம்பூர் மொண்ட் கியாராவில் வெர்வ் சுவிட்ஸ் என்னும் அடுக்குமாடியில், வீடுகளை நாள் வாடகைக்கு விடுவதை நிருவாகக் கழகம் விதியொன்றால் தடுத்தது. என் வீட்டை நான் எவ்வாறும் பயன்படுத்துவேன் என்று சில உரிமையாளர்கள் வழக்காடினர். 2020 அக்டோபரில் கூட்டரசு நீதிமன்றம் கழகத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. ஆகவே பெரும்பான்மையோர் கூடிச் செய்த விதியை 'என் வீடு' என்னும் ஒரு சொல்லால் உடைத்துவிட முடியாது. அவ்விதி உருவாகும் கூட்டத்தில் இருந்து வாக்களித்தலே அதைத் தடுக்கும் இடம்.

மேல்வீட்டு நீர் கீழ்வீட்டுக் கூரையில் கசியும் நிலை ஒன்று உண்டு. அடுக்குமாடிச் சண்டைகளில் பாதி இதனால் எழுவன எனலாம். இதில் தேர்வுரிமையின் பயணம் முன்சொன்னதற்கு நேர்மாறானது. கசிவுக்குக் காரணம் மேலேயுள்ள வீட்டிலோ மேலேயுள்ள பொதுவிடத்திலோ இருப்பதாகவே, மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை, சட்டம் கொள்கின்றது. முறையீடு கிடைத்த ஏழு நாளுக்குள் நிருவாகம் வந்து பார்வையிட வேண்டும். பார்வையிட்டு ஐந்து நாளுக்குள் 28-ஆம் படிவத்தில் காரணத்தைச் சான்றளிக்க வேண்டும். குறை மேல்வீட்டினது என்று சான்று கூறினால், அவ்வீட்டார் ஏழு நாளுக்குள் சரிசெய்தல் வேண்டும். அவ்வேழு நாளும் ஆளைத் தேர்வது அவர். ஏழு நாளும் சும்மா இருந்தால், நிருவாகமே ஆளைக் கொண்டு வந்து வேலையை முடித்து, செலவை அவரிடம் வாங்கும். அந்த ஆள் யார், கூலி எவ்வளவு என்று அப்போது கேட்டுப் பயனில்லை. குறைக்காலத்தில் மேம்பாட்டாளருக்கு நேர்ந்தது, இங்கே வீட்டுக்காரருக்கு நேர்கின்றது.

இதுகாறும் கூறியவை தனி வீட்டைப் பற்றியன. பெரும்பணம் புரளும் இடம் வேறு. அது பொதுச் சொத்து. ஓர் அடுக்குமாடியில் 300 வீடுகள். வீட்டுக்குத் திங்களுக்கு 250 வெள்ளி பராமரிப்புக் கட்டணம் என்று கொள்வோம். திங்களுக்கு 75,000 வெள்ளி. ஆண்டுக்கு 900,000 வெள்ளி. சேம நிதிக்குக் கட்டணத்தில் பத்து விழுக்காடு தனியே. இப்பணத்தைக் கொண்டு காவலர், துப்புரவாளர், மின்தூக்கி நிறுவனம், நீச்சற்குளம் காப்போர், சாயம் பூசுவோர் ஆகியோரை அமர்த்துவது யார் என்பதே உண்மையான வினா. ஒரு கதவை மாற்றும் குத்தகையாளரைத் தேர்வதற்குச் சண்டையிடுவோர், ஆண்டுக்கு ஒன்பது இலக்கம் வெள்ளியை வாங்கும் குத்தகையாளரை யார் தேர்ந்தார் என்று கேளாதிருப்பது வியப்பே.

தொடக்கத்தில் தேர்பவர் மேம்பாட்டாளர்தாம். வேறு வழியுமில்லை, சாவி தரும் நாளில் வாங்கியோர் ஒருவரையொருவர் அறியார். சட்டம் இதனை மேம்பாட்டாளரின் நிருவாகக் காலம் என்று ஏற்றுக்கொண்டு, அதற்கு ஒரு முடிவும் குறித்துள்ளது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 12 திங்களுக்குள் மேம்பாட்டாளர் முதல் ஆண்டுப் பொதுக்கூட்டத்தைக் கூட்டவேண்டும். அக்கூட்டத்தில் மேம்பாட்டாளரும் வாங்கியோரும் சேர்ந்த கூட்டு நிருவாக அமைப்பு உருவாகின்றது; மூவர் முதல் பதினால்வர் வரையில் கொண்ட செயற்குழு தேர்ந்தெடுக்கப்படுகின்றது. கூட்டம் நடந்த ஒரு திங்களில் மேம்பாட்டாளரின் காலம் முடிகின்றது. வங்கியிலுள்ள பணம், கணக்கேடுகள், கட்டட வரைபடங்கள், காப்புறுதித் தாள்கள், நடப்பிலுள்ள ஒப்பந்தங்கள் ஆகியவற்றை அவர் ஒப்படைக்க வேண்டும். அதன்பின் பொதுச் சொத்துக்குக் குத்தகையாளரை அமர்த்தும் அதிகாரம் அவ்வமைப்பினுடையது. பின்னர் ஸ்ட்ராத்தா உரிமைப் பதிவேடு திறக்கப்பட்டதும் நிருவாகக் கழகம் தோன்றுகின்றது. மேம்பாட்டாளரல்லாத உரிமையாளர்களின் பங்கு, மொத்தப் பங்கலகுகளில் நான்கில் ஒன்றை எட்டும்போது அதன் தொடக்கக் காலம் முடிவுறும்; அடுத்த ஒரு திங்களுக்குள் அதற்கும் முதற்கூட்டம் கூட்டப்படவேண்டும். கூட்டத்தைக் கூட்டத் தவறுதல் குற்றம். வாங்கியோர் கட்டட ஆணையரிடம் முறையிடலாம்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் பல அடுக்குமாடிகளில் மேம்பாட்டாளரின் துணை நிறுவனமே ஆண்டுக்கணக்காக நிருவாகம் நடத்துவதேன்? அத்துணை நிறுவனம் தேர்ந்த காவல் நிறுவனமும் துப்புரவு நிறுவனமுமே நீடிப்பதேன்? சூழ்ச்சி என்று உடனே கூறிவிடுவோர் உளர். சூழ்ச்சி இருக்குமிடமும் இருக்கலாம். ஆனால் என் கருத்தில் பெருங்காரணம் காலி நாற்காலிகள். பொதுக்கூட்டத்துக்கு வாக்குரிமையுடையோரில் பாதிப்பேர் வருதல் வேண்டும் என்பது விதி. ஆனால் அரைமணி நேரம் காத்திருந்தும் அவ்வளவு பேர் வராவிடின், வந்தவர்களே போதும் என்பதும் விதி. முந்நூறு வீடுகளில் இருபத்தைந்து பேர் வந்தால், அந்த இருபத்தைவர் தீர்மானமே முந்நூறு வீட்டாரின் தீர்மானம்.

அவ்விருபத்தைவரிலும் சிலர் கை உயர்த்த இயலாது. கூட்ட நாளுக்கு ஏழாம் நாள் முன்னர்க் கட்டணப் பாக்கி வைத்திருப்பவருக்கு வாக்கில்லை. பல அடுக்குமாடிகளில் நிருவாகத்தின்மேல் சினங்கொண்டு கட்டணம் கட்ட மறுப்போரைக் காண்கின்றோம். மின்தூக்கி ஓடவில்லை, காவலர் உறங்குகின்றார், எதற்குப் பணம் என்பது அவர் வாதம். வாதத்தில் நியாயம் இருக்கலாம், விளைவோ தலைகீழானது. அக்காவல் நிறுவனத்தை மாற்றுவதற்கு வாக்களிக்கும் உரிமையை அவர் தம் கையாலேயே துறந்துவிடுகின்றார். சினமில்லாதவரும், மேம்பாட்டாளரின் ஆட்களும் எஞ்சி நின்று பழைய குத்தகையாளருக்கே ஆண்டு நீட்டிப்புத் தருகின்றனர்.

எண்ணுமுறையையும் அறிந்திருத்தல் நன்று. கையுயர்த்தி வாக்களித்தால் ஆளுக்கு ஒன்று. ஒருவர் வாக்கெடுப்புக் கோரினால், பங்கலகுகளின் அளவுக்கு வாக்கு. விற்காத வீடுகள் நிறைய வைத்திருக்கும் மேம்பாட்டாளருக்கு அப்போது வலிமை மிகும். ஆனால் விற்காத வீடுகளுக்கும் அவர் கட்டணம் செலுத்தியாக வேண்டும். பாக்கி பற்றிய விதி அவருக்கும் உண்டு. கணக்கேட்டில் அவர் செலுத்தியது எங்கே என்று கேட்பது முதற்கூட்டத்தில் கேட்கத்தக்க முதல் வினா. கூட்டத்துக்கு வர இயலாதவர் பதிலாளை அனுப்பலாம். ஆனால் ஒருவர் ஒரே ஒருவருக்குத்தான் பதிலாள் ஆகலாம். ஒரே கையில் முப்பது பதிலாள் தாள்களைப் பிடித்துக்கொண்டு நிற்கும் காட்சிக்கு இச்சட்டத்தில் இடமில்லை.

ஒப்படைக்கப்பட்ட ஒப்பந்தங்களைப் படிக்குங்கால் மூன்று செய்திகளைத் தேடவேண்டும்: ஒப்பந்தம் எந்நாளில் முடிகின்றது, எத்தனை நாள் முன்னறிவிப்பில் முறிக்கலாம், ஒப்பமிட்ட இரு தரப்பாருக்கும் இடையே உறவு உண்டா என்பன. கையொப்பத்தில் இரண்டு பெயர்கள் இருந்தாலும் முகவரி ஒன்றாக இருப்பதுண்டு. தாமே கொடுப்பவரும் தாமே வாங்குபவருமாக ஒருவர் நிற்கையில், விலையைக் குறைக்க வாதாடுவோர் எவரும் அவ்வறையில் இரார்.

இவ்விடர்ப்பாட்டின் முழு உருவத்தைக் காண வேண்டுமாயின், ஒரு தலைமுறைக்கு முந்திய அமெரிக்காவுக்குச் செல்லவேண்டும். புளோரிடா மாநிலம் 1963-இல் அடுக்குமாடி உரிமைச் சட்டம் இயற்றியது. ஓய்வு பெற்ற முதியோர் பலர் கடற்கரை வெயிலை நாடி அங்கு வீடு வாங்கினர். மேம்பாட்டாளர் சிலர் வீடுகளை விற்றனரேயன்றி, நீச்சற்குளத்தையும் கூடிப்பேசும் மண்டபத்தையும் விற்கவில்லை. அவற்றைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, வீட்டார் சங்கத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டனர். இங்கேதான் அச்சொல்லின் பழம்பொருள் நமக்குத் தேவைப்படுகின்றது. வாடகை விலைவாசியோடு சேர்ந்து ஏறும் என்றும் எழுதினர். சங்கம் இதற்கு எப்படி இசைந்தது? அன்று சங்கம் என்றால் மேம்பாட்டாளர் அமர்த்திய ஆட்களே. வலக்கை விட்டது, இடக்கை வாங்கியது. நிருவாக ஒப்பந்தங்களும் அவ்வாறே நீண்ட காலத்துக்கு எழுதப்பட்டன. நிலையான ஓய்வூதியத்தில் வாழ்ந்தோர் ஆண்டுதோறும் ஏறும் வாடகையைக் கண்டு கலங்கினர்.

மாநிலச் சட்டமன்றம் 1975-இல், விலைவாசியோடு ஏறும் வாடகை விதிகளைச் செல்லாதனவாக்கியது. ஆனால் மறு ஆண்டே அம்மாநில உச்ச நீதிமன்றம், முன்னரே கையொப்பமான குத்தகைகளுக்கு இத்தடை பொருந்தாது என்று கூறிவிட்டது. செய்த ஒப்பந்தத்தைப் பின்வந்த சட்டம் எளிதில் உடைக்காது என்பதற்கு இதனினும் கசப்பான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. இறுதியில் நாடு முழுமைக்குமான சட்டம் 1980-இல் வந்தது. மேம்பாட்டாளர் தம் ஆதிக்கக் காலத்தில் தமக்கோ தம்மைச் சார்ந்தவருக்கோ சாதகமாகச் செய்த, மூன்றாண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களை, அவருடையன அல்லாத வீடுகளின் உரிமையாளர்களில் மூன்றில் இருபங்கினர் வாக்களித்து, அபராதமின்றி முறிக்கலாம் என்று அது கூறியது. அதற்கும் ஒரு காலவரை உண்டு: மேம்பாட்டாளரின் சிறப்பு ஆதிக்கம் முடிந்த நாள், அல்லது அவர் கையில் கால்பங்கோ அதனிற் குறைவோ வீடுகள் எஞ்சிய நாள், இவற்றுள் முந்தியதிலிருந்து இரண்டு ஆண்டு. அங்கும் நாள் கடந்தால் உரிமை போயிற்று.

மலேசிய முறையில் மேம்பாட்டாளரின் காலத்தையே ஓராண்டளவில் சுருக்கி, கணக்கை ஒப்படைக்கச் செய்தது நோய் முற்றுமுன் மருந்து தந்தது போலாகும். பொதுச் சொத்தின் குறைகளைச் சரிசெய்வதற்காக மேம்பாட்டாளர் வைப்புத்தொகையொன்றைக் கட்டட ஆணையரிடம் முன்னதாகவே கட்டவேண்டும் என்பதும் நல்லதொரு காப்பு. தகராறு எழுந்தால் ஸ்ட்ராத்தா நிருவாகத் தீர்ப்பாயம் 250,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைக் கேட்கும்.

இக்காப்புகள் யாவும் ஸ்ட்ராத்தா உரிமையுள்ள வீடுகளுக்கே. சுற்றுச்சுவரும் வாயிற்காவலும் கொண்ட தரைவீட்டுக் குடியிருப்புகள் பலவற்றில், ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி நில உரிமை உண்டு. அவை 757-ஆம் சட்டத்தின்கீழ் வாரா. அங்கே கூட்டு நிருவாக அமைப்பும் இல்லை, பன்னிரு திங்கள் கெடுவும் இல்லை. காவலுக்கும் தோட்டத்துக்கும் ஆள் தேர்வது, விற்பனை ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கையொப்பமிடப்படும் உடன்பாட்டுப் பத்திரத்தைப் பொறுத்ததாகிவிடுகின்றது. அப்பத்திரத்தின் வாசகத்தைச் சட்டம் அச்சிட்டுத் தரவில்லை. மேம்பாட்டாளரின் வழக்கறிஞரே எழுதுகின்றார். நிருவாகத்தை வீட்டாரிடம் ஒப்படைக்கும் நாள் அதில் குறிக்கப்பட்டுள்ளதா, குறிக்கப்படவில்லையாயின் யார் எப்போது கேட்கலாம், கட்டணத்தை உயர்த்துவது யார் என்பவற்றை முன்பணம் கட்டுவதற்கு முன்னரே படித்துப் பார்த்தல் வேண்டும். கையொப்பமிட்ட பின்னர் அப்பக்கத்தைத் திருத்துவதற்கு மேம்பாட்டாளரின் இசைவு தேவைப்படும்.